உலகளாவிய சுகாதாரத்தில் மேற்படிப்பும் ஆராய்ச்சியும்: ஜான்ஸ் ஹாப்கின்ஸை வைத்துச் சில கேள்விகள், பதில்கள்

நர்ஸிங் முடித்தவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் டாக்டர்கள், புள்ளியியல் படித்தவர்கள், சமூகப்பணி படித்தவர்கள் என்று பலரும் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பொதுவாகச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். வேறு இடத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

குளோபல் ஹெல்த் என்றால் வெளிநாட்டுக்குப் போய் வேலை பார்ப்பதா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் நடந்த ஒரு வேலையைச் சொல்கிறேன், பாருங்கள். அப்போது காசநோய் வந்தால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்துக் கிடக்க வேண்டும். நல்ல சாப்பாடு, நல்ல காற்று, முழு ஓய்வு வேண்டும் என்பது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. மதராஸில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்து மாத்திரை கொடுத்தார்கள். மறுபாதிக்கு அதே மாத்திரையைக் கொடுத்து, அவர்களுடைய நெரிசலான வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு, பணக்கார நாடுகள் உட்படப் பல நாடுகளில் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. அந்த ஆய்வை நடத்திய மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் அரசு ஆகிய நான்கும் சேர்ந்து செய்த வேலை அது. ஓர் ஊரில் கிடைத்த விடை இன்னொரு ஊரின் பிழைப்புக்கும் உதவுமா என்று நேர்மையாகச் சோதித்துப் பார்க்கும் படிப்பை நான் குளோபல் ஹெல்த் என்பேன். அதற்கு விமானம் ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை.

அப்புறம் ஏன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்?

அதன் பொதுச் சுகாதாரப் பள்ளி ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் 1916-இல் தொடங்கப்பட்டது. 2001 முதல் ப்ளூம்பெர்க் பள்ளி என்று பெயர். வயதும் பெயரும் இருக்கட்டும், எனக்கு முக்கியம் வேறு. சர்வதேச சுகாதாரத்துக்கென்றே அங்கே ஒரு துறை 1961-இல் உருவானது. அதன் முதல் தலைவர் கார்ல் டெய்லர் முசோரியில் பிறந்தவர், மிஷனரி டாக்டர்களின் மகன். அவருடைய குழு பஞ்சாபில் லூதியானாவுக்குப் பக்கத்தில் நரங்வால் என்ற கிராமத்தை மையமாக வைத்து 1970-களின் நடுப்பகுதி வரை வேலை செய்தது. கிராமத்துப் பணியாளருக்குப் பயிற்சி கொடுத்து, குழந்தையின் நிமோனியாவை வீட்டிலேயே கண்டுபிடித்து மருந்து கொடுக்க வைத்தால் சாவு குறையுமா என்று பார்த்தார்கள். குறைந்தது. 1978-இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா அட்டா நகரில் ஆரம்ப சுகாதாரம் பற்றி உலக நாடுகள் வெளியிட்ட பிரகடனத்தில் டெய்லரின் பங்கு பெரியது.

கல்கத்தாவிலும் ஹாப்கின்ஸுக்கு ஓர் ஆராய்ச்சி மையம் இருந்தது. அங்கே வேலை பார்த்த திலீப் மகாலானபிஸ் 1971-இல் வங்கதேச எல்லையோரம் இருந்த பன்கான் அகதி முகாமில், சிரை வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, காலரா நோயாளிகளுக்குச் சொந்தக்காரர்களே குடிக்கக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார். முப்பது சதவீதம்வரை போயிருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்று மருந்துக்கடையில் நாம் வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலத்துக்குப் பின்னால் அந்த முகாம் இருக்கிறது.

நான் இந்தப் பள்ளியைச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: ஓர் ஊரோடு பல ஆண்டுகள் ஒட்டியிருந்து வேலை செய்த வரலாறு அதற்கு இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்த்தாலும் தரவரிசைப் பட்டியலை மூடிவிட்டு முதலில் இதைத் தேடுங்கள்.

என்னென்ன பட்டங்கள் இருக்கின்றன? எனக்கு எது?

எம்பிஎச் என்ற பொதுச் சுகாதார முதுகலைப் பட்டத்தை முழுநேரமாகப் படித்தால் பதினொரு மாதம். வேலை அனுபவம் உள்ளவர்களுக்கானது. பட்டத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு சுகாதாரம் சார்ந்த வேலை பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எட்டு வாரத்துக்கு ஒரு பருவம் என்பதால் மூச்சுவிட நேரம் இருக்காது. மாவட்ட அளவில் ஏற்கெனவே பொறுப்பில் இருக்கும் டாக்டருக்கு இது சரி.

எம்எஸ்பிஎச் என்பதும் பொதுச் சுகாதார முதுகலைதான், ஆனால் அனுபவம் குறைந்தவர்களுக்கானது. ஓராண்டு வகுப்பு, பிறகு சில மாதங்கள் களத்தில் பயிற்சி. சர்வதேச சுகாதாரத் துறையில் இதை நான்கு பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள்: நோய்ப்பரவலும் தடுப்பும், சுகாதார அமைப்புகள், ஊட்டச்சத்து, சமூக நடத்தை சார்ந்த மாற்றங்கள். பிரிவைத் தேர்ந்தெடுத்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உள்ளே போய் யோசித்துக்கொள்ளலாம் என்று போனால் ஓராண்டு வீணாகும்.

பிஎச்டி ஆராய்ச்சியாளருக்கு. டிஆர்பிஎச் என்ற முனைவர் பட்டம் நிர்வாகத்தில், கொள்கையில் இருக்கப்போகிறவர்களுக்கு. பிஎச்டிதான் உயர்ந்தது என்ற எண்ணத்தில் நல்ல நிர்வாகிகள் நான்கைந்து ஆண்டு தவறான இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

எம்பிபிஎஸ் இல்லாமல் முடியுமா?

தாராளமாக. புள்ளியியல், நர்ஸிங், ஊட்டச்சத்து, பொருளாதாரம், மானுடவியல், பொறியியல் எல்லாம் வரும். மூன்றாண்டு பட்டம் மட்டும் வைத்திருப்பவர்கள், அதை நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்பார்களா என்று அந்தந்தத் துறையிடம் மின்னஞ்சலில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆராய்ச்சி என்கிறார்களே, நிஜத்தில் என்ன நடக்கிறது?

இதற்கு ஒரு கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். மாலைக்கண் நோயின் கதை.

1970-களின் கடைசியில் ஆல்ஃப்ரெட் சாமர் என்ற கண் டாக்டர் இந்தோனேசியாவில், மேற்கு ஜாவாவின் கிராமங்களில், ஆயிரக்கணக்கான குழந்தைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து வந்தார். வைட்டமின் ஏ குறைந்தால் கண் எப்படிக் கெடுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் கழித்துத் தரவுகளைப் புரட்டியபோது, மாலைக்கண் இருந்த குழந்தைகள் அடுத்தடுத்த சுற்றுகளில் காணாமல் போயிருந்ததைக் கவனித்தார். இறந்திருந்தார்கள். அதுவும் மற்றக் குழந்தைகளைவிடச் சராசரியாக நான்கு மடங்கு. கண்ணுக்காகப் போனவர் கையில் உயிர் பற்றிய கேள்வி வந்து விழுந்தது. 1983-இல் அதை எழுதினார். பலர் நம்பவில்லை. ஒரு சத்து குறைந்ததால் இத்தனை சாவா, ஏழ்மையால் வந்ததாக இருக்கும் என்றார்கள். நியாயமான சந்தேகம்தான். அதைத் தீர்க்க இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் 450 கிராமங்களைப் பிரித்து, பாதிக்கு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். 1986-இல் முடிவு வந்தது: சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

அப்போதும் சந்தேகம் ஓயவில்லை. ஓர் ஊரில் நடந்தது இன்னோர் ஊரில் நடக்குமா? இங்கேதான் நம் ஊர் வருகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவும் திருச்சிப் பகுதியில் 15,419 குழந்தைகளுக்கு வாரா வாரம் சிறிய அளவில் வைட்டமின் ஏ உள்ள துளி அல்லது அது இல்லாத துளி கொடுத்து ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். 1990-இல் வெளியான முடிவில் சாவு 54 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய மாத்திரையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை விழுங்கவைப்பதைவிட, உணவில் கிடைக்கும் அளவுக்கு அடிக்கடி கொடுப்பது இன்னும் நல்லதோ என்ற கேள்வியையும் அது கிளப்பியது. யோசித்துப் பாருங்கள், வாரா வாரம் பதினைந்தாயிரம் குழந்தைகளைத் தேடி வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் யார்? ஊர்ப் பெண்கள். அவர்களுடைய கால்வலியில் நிற்கிறது அந்தக் கட்டுரை.

பிறகு அரவிந்தும் ஹாப்கின்ஸும் சேர்ந்து தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறந்த இரண்டே நாளுக்குள் பச்சைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 11,619 குழந்தைகள். 2003-இல் வெளியான முடிவு: ஆறு மாதத்துக்குள் சாவு 22 சதவீதம் குறைவு. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதன் பிறகு ஹரியானாவிலும் கானாவிலும் தான்சானியாவிலும் இதைவிடப் பெரிதாகச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் தெளிவாக வரவில்லை. பிறந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. வளர்ந்த குழந்தைகளிலும், உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் பலன் மிகச் சிறிதாகத்தான் தெரிந்தது. ஒன்பது மாதக் குழந்தைக்கு அங்கன்வாடியில் கரண்டியில் ஊற்றும் அந்த மஞ்சள் திரவத்தைச் சுற்றி இன்றும் விவாதம் இருக்கிறது.

இந்தக் கதையை நான் சொல்லாத மாணவர் இல்லை. எந்த இடத்தில் குறைபாடு எவ்வளவு, தாயின் உணவு என்ன, தட்டம்மை எவ்வளவு என்பதெல்லாம் மாறும்போது விடையும் மாறுகிறது. தமிழ்நாட்டு ஆய்வு தவறில்லை, ஹரியானா ஆய்வும் தவறில்லை. இரண்டையும் சேர்த்து வைத்து ஏன் என்று கேட்கத் தெரிய வேண்டும். நீங்கள் அங்கே போய்க் கற்கப்போவது அதைத்தான். நாள்தோறும் செய்யப்போவதோ கேள்வித்தாள் வடிவமைப்பது, தரவைச் சுத்தம் செய்வது, விடுபட்டவர்கள் ஏன் விடுபட்டார்கள் என்று தேடுவது. சாமருக்கு விடை கிடைத்ததே விடுபட்டவர்களைத் தேடியதால்தான்.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிஎச்டிக்கு இதுதான் எல்லாம். அவருடைய கடைசிப் பத்துக் கட்டுரைகளை எடுங்கள். எழுதியவர்கள் பட்டியலில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் யாருடையவை? ஆய்வு நடந்த நாட்டைச் சேர்ந்தவர்கள் முன்னால் இருக்கிறார்களா, நடுவில் கூட்டத்தோடு கூட்டமாக இருக்கிறார்களா? ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறாரா? இப்படிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதியை அவருடைய பழைய மாணவர்களிடம் கேளுங்கள். 'அவர் நல்லவரா' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'வரைவு அனுப்பினால் எத்தனை நாளில் திருப்பிக் கொடுப்பார்?', 'ஆய்வு மானியம் நின்றுபோனபோது உங்களுக்கு என்ன செய்தார்?' என்று கேளுங்கள்.

விண்ணப்பக் கட்டுரையில் என்ன எழுதுவது?

'சிறு வயதிலிருந்தே ஏழைகளுக்குச் சேவை செய்ய ஆசை' என்று தொடங்காதீர்கள். அந்த ஆசை உண்மையாகவே இருக்கும், ஆனால் படிப்பவருக்கு அது எதையும் காட்டாது. நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு புதிரைச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி பக்கம் வேலை பார்த்த ஒரு செவிலியர் தன் கட்டுரையை இப்படித் தொடங்கியிருந்தார்: இரும்புச்சத்து மாத்திரை எங்கள் நிலையத்தில் ஒருநாளும் தீர்ந்ததில்லை, கர்ப்பிணிகள் வாங்கிக்கொண்டும் போகிறார்கள், ஆனால் ரத்தசோகை குறையவில்லை, மாத்திரை எங்கே போகிறது? படித்தவுடன் எனக்கும் விடை தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அதுபோதும்.

கணக்கு பயமாக இருப்பவர்கள் இப்போதே தொடங்குங்கள். ஹாப்கின்ஸ் ஆசிரியர்களே கோர்ஸெரா என்ற இணையப் பாடத்தளத்தில் புள்ளியியலும், அதற்குப் பயன்படும் ஆர் என்ற மென்பொருளும் கற்றுத் தருகிறார்கள்.

செலவு? உதவித்தொகை கிடைக்குமா?

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். எம்பிஎச் கல்விக் கட்டணம் மட்டுமே அரைக் கோடி ரூபாயைத் தாண்டும். பிஎச்டிக்கு இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணமும் மாத உதவித்தொகையும் சேர்ந்தே வரும், முதுகலைக்கு அப்படி இல்லை. ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகையில் பொதுச் சுகாதாரமும் உண்டு. அதற்கு மூன்றாண்டு முழுநேர வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு இந்தியாவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. ஜே.என். டாடா அறக்கட்டளை 1892 முதல் கடன் உதவித்தொகை கொடுத்து வருகிறது.

வீட்டை அடகு வைத்து முதுகலைக்குப் போகாதீர்கள் என்பது என் கருத்து. இந்தத் துறையில் சம்பளம் மென்பொருள் துறை மாதிரி கிடையாது. கடனை அடைப்பதற்காகவே பிடிக்காத ஆலோசனை நிறுவனத்தில் மாட்டிக்கொண்ட நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும். நிதியோடு இடம் கிடைக்கும்வரை ஓராண்டு காத்திருப்பதில் அவமானம் எதுவும் இல்லை.

அமெரிக்காவில் பணத்தை வெட்டிவிட்டார்களே, இப்போது போகலாமா?

கவலைப்பட வேண்டிய விஷயம்தான். 2025 மார்ச்சில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் நிதி 80 கோடி டாலருக்கு மேல் நின்றுபோனதால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இரண்டாயிரத்துக்கும் அதிகமான வேலைகளை நீக்கியது. அதில் அமெரிக்காவுக்குள் போனவை 247. மீதி 1,975 வேலைகள் 44 நாடுகளில். இந்தக் கணக்கைத் திரும்பப் படியுங்கள். வெட்டு எங்கே விழுந்தது என்று தெரியும். காசநோய் மருந்து கொண்டுபோய்க் கொடுத்தவர், பிரசவப் பதிவேடு பார்த்தவர், ஆய்வகத்தில் சளி மாதிரியைச் சோதித்தவர், இவர்கள்தான் முதலில் வீட்டுக்குப் போனார்கள்.

போகலாமா என்றால், உங்கள் வழிகாட்டியின் பணம் எங்கிருந்து வருகிறது, எந்த ஆண்டுவரை இருக்கிறது என்று நேராகக் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இந்தியாவில் ஆய்வு செய்ய யார் அனுமதி வேண்டும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒன்று, இங்கே நீங்கள் சேர்ந்து வேலை செய்யும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒன்று. வெளிநாட்டுப் பணமோ கூட்டோ இருந்தால், இந்தியத் தரப்பு ஆய்வாளர் மூலம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழியாக மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும். மருந்துச் சோதனை என்றால் அதற்கென்று உள்ள இந்தியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். பிஎச்டி கால அட்டவணை போடும்போது இதற்கென்று இடம் விடாதவர்கள் தவித்துப்போகிறார்கள்.

எரிச்சலாக இருக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999-2000-இல் வாய்ப் புற்றுநோயாளிகளுக்கு ஒரு புதிய வேதிப்பொருளைச் செலுத்திப் பார்த்தார்கள். அதில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர் ஒருவர் இருந்தார். தன் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமலே அது நடந்தது என்று 2001-இல் பல்கலைக்கழகமே விசாரித்துச் சொன்னது. அதே பல்கலைக்கழக மருத்துவமனையில் 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்த் திசுவை அவருக்குத் தெரியாமலே ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். அந்தச் செல்கள் இன்றும் உலக ஆய்வகங்களில் வளர்கின்றன. நான் மதிக்கும் ஓர் இடத்தில் நடந்தவை இவை. மதிப்பதால்தான் மறைக்காமல் சொல்கிறேன்.

இங்கேயே படித்தால் மட்டமா?

இல்லவே இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் எம்பிஎச் நடத்துகிறது. சென்னை அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. வேலூர் சிஎம்சி, குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவேக் தடுப்பூசி சோதனையின் மூன்று மையங்களில் ஒன்று. முதுகலையை இங்கே முடித்து, இரண்டு மூன்று ஆண்டு களத்தில் இருந்துவிட்டு, பிஎச்டிக்கு நிதியோடு வெளியே போவதுதான் பெரும்பாலானோருக்கு நல்ல வழி என்று நினைக்கிறேன்.

ஆய்வில் கலந்துகொண்டவர்களுக்கு முடிவைச் சொல்ல வேண்டுமா?

இந்தக் கேள்வியை மாணவர்கள் கேட்பதே இல்லை. நானே சேர்த்துக்கொள்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்துவிட்டு, "போன தடவை வந்த பொண்ணும் இதேதான் கேட்டுச்சு, பேரன் விரலைக் குத்தி ரத்தமும் எடுத்துச்சு. அதுல என்னய்யா தெரிஞ்சுது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. போன தடவை வந்தது வேறு குழு. அவர்களுடைய கட்டுரை வெளியாகியிருந்தது, ஆங்கிலத்தில், பணம் கட்டினால்தான் படிக்க முடியும். அன்று ஏதோ சமாளித்துவிட்டு வந்தேன். அந்த அம்மா மோர் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த ஆய்வில் ஒரு பக்கத் தாளில் தமிழில் முடிவை எழுதி, அங்கன்வாடியில் கூட்டம் போட்டுப் படித்தோம். சதவீதம் சொன்னபோது யாரும் அசையவில்லை. 'என் பிள்ளைக்கு எவ்வளவு இருந்துச்சு?' என்றுதான் கேட்டார்கள். ரத்தசோகை இருந்த பிள்ளைகளின் முடிவை அன்றன்றே வீட்டுக்குச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியிருந்தோம். மற்றவர்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை. தன் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் ஒரு தாய்க்கு ஆசை இருக்கும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர், தேதி, அளவு எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுக்கத் தொடங்கினோம்.

சீட்டு அச்சிட, கூட்டத்துக்கு டீ வாங்க, களப்பணியாளர் இன்னொரு முறை ஊருக்குப் போய்வர ஆகும் செலவை மானிய விண்ணப்பத்தின் பட்ஜெட்டிலேயே தனி வரியாக எழுதிவிடுங்கள். கட்டுரை வெளியான பிறகு தேடினால் அந்தப் பணம் எந்தக் கணக்கிலும் இருக்காது.